பெயர் தெரியாத பாகமும் பெயர் எழுதப்படாத கைகளும்

பழைய மோட்டார் சைக்கிள் ஒன்றின் கியர் பெட்டியைத் திறந்தால், இன்றைய இளைஞர்களுக்குப் பெயர் தெரியாத ஒரு பாகமாவது உள்ளே இருக்கும். அதை என்ன செய்வது என்ற கேள்விக்கு மலையகத்தில் இப்போது இரண்டு விடைகளே வழக்கில் உள்ளன. ஒன்று, உற்பத்தியாளரின் பாகப் பட்டியலோடு ஒப்பிட்டுப் பார்ப்பது. மற்றது, பழைய இரும்புக்காரரிடம் எடைக்குப் போடுவது. மூன்றாவது விடை ஒன்றும் உண்டு. அதை நாம் மறந்து வருகிறோம் என்பதே என் வருத்தம்.

தோட்டங்களில் வெள்ளைக்காரத் துரைமாரும், அவர்களுக்குப் பின் வந்த இலங்கைத் துரைமாரும், குறிப்பாகச் சின்னத்துரைமார், மலைச்சரிவுகளைச் சுற்றிவரப் பிரித்தானிய மோட்டார் சைக்கிள்களை நம்பியிருந்த காலம் ஒன்று இருந்தது. அவற்றுள் எஞ்சிய சில கைமாறிக் கைமாறி இன்று ஹட்டன், நுவரெலியாப் பகுதிகளில் சாதாரண வீடுகளின் பின்புறத்தில் நிற்கின்றன.

ஹட்டனில் வாழும் நண்பர் ஒருவரிடம் 1950களைச் சேர்ந்த றோயல் என்ஃபீல்ட் ஒன்று உண்டு. அதைப் பிரித்துத் துப்புரவு செய்தபோது இரண்டு பாகங்கள் அவரைக் குழப்பின. முதலாவது, கியர் மிதியைத் தவிர இருந்த இன்னொரு சிறு லீவர். இரண்டாவது, எண்ணோ முத்திரையோ எதுவும் இல்லாத ஒரு பற்சக்கரம். தேயிலைத் தொழிற்சாலையில் பிட்டராக இருந்து ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவரிடம் இருவரும் போனோம்.

லீவரைக் கையில் வாங்கியதுமே அவர் சிரித்தார். "தம்பி, இது கியர் மாத்துறதுக்கு இல்ல, கியர்ல இருந்து வெளிய வர்றதுக்கு" என்றார். பர்மிங்ஹாமின் அல்பியன் நிறுவனம் செய்த நான்கு கியர் பெட்டிகளில் இருந்த நியூட்ரல் லீவர் அது. இரண்டாம், மூன்றாம், நான்காம் கியர்களில் எதில் ஓடினாலும், கிளச்சைப் பிடித்துக் குதிகாலால் அதை மிதித்தால் வண்டி நியூட்ரலுக்கு வந்துவிடும். முதலாம் கியரில் மட்டும் அது பயன்படாது. பின்னாளில் சென்னையில் தயாரான புல்லட் வண்டிகளிலும் இதே ஏற்பாடு பல்லாண்டுகள் தொடர்ந்தது. ஆகவே இதைப் பட்டியலைப் பார்த்தும் கண்டுபிடித்திருக்கலாம்.

பற்சக்கரத்தின் கதை வேறு. அது கைப்புத்தகம் சொல்லும் எண்ணிக்கையைவிட ஒரு பல் குறைவானது. பற்களின் ஓரத்தில் அரத்தின் கோடுகள் தெரிந்தன. இரும்புத் தகட்டில் வட்டமாகத் துளைகள் இட்டு, வெட்டி, அராவி, நெருப்பிலிட்டு இறுக்கிய சக்கரம் அது என்று பெரியவர் விளக்கினார். கியர் பெட்டியின் சக்கரத்தில் பல் குறைந்தால் வேகம் குறையும், இழுவை கூடும். மஸ்கெலியா வீதி போன்ற ஏற்றங்களுக்கு வேண்டியது இழுவைதான்.

1970 முதல் 1977 வரை இலங்கையில் இறக்குமதிக்குக் கடுமையான கட்டுப்பாடு இருந்தது. உதிரிப்பாகம் கப்பலில் வரும் என்று காத்திருக்க முடியாத காலம் அது. றோயல் என்ஃபீல்டின் இங்கிலாந்து உற்பத்தியும் 1970இல் நின்றுபோயிற்று. உருளைகளையும் பட்டிச் சக்கரங்களையும் எண்ணெய் என்ஜின்களையும் பழுதுபார்த்துப் பழகிய தொழிற்சாலைக் கைகள் இல்லாத பாகத்தைச் செய்துகொண்டன. அந்தப் பாகங்கள் எந்தப் பட்டியலிலும் இல்லை. அவற்றை அடையாளம் காட்டக்கூடியவர்கள், செய்தவர்களும் அருகில் நின்று பார்த்தவர்களும் மட்டுமே.

இது வெறும் பழமை மோகம் என்று சிலர் கூறலாம். நான் அப்படி நினைக்கவில்லை. நண்பர் பட்டியலை மட்டும் நம்பி அந்தச் சக்கரத்தை மாற்றியிருந்தால், வண்டி ஏட்டுக்குச் சரியாகவும் ஏற்றத்துக்குப் பிழையாகவும் ஆகியிருக்கும். அதைவிடப் பெரிய இழப்பு, நம் மனிதர் ஒருவரின் தொழில்நுட்பத் தீர்மானம் குப்பையாகக் கணிக்கப்பட்டிருக்கும்.

மலையகத் தமிழரைக் கொழுந்து பறிப்பவர்களாக மட்டுமே எழுதிப் பழகிவிட்டோம். துரைமார் நினைவுக் குறிப்புகள் எழுதினார்கள். அவர்களது வண்டியை ஓடவைத்தவர்கள் எழுதவில்லை, எழுதச் சொல்லி எவரும் கேட்கவும் இல்லை. 1964ஆம் ஆண்டின் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கு அனுப்புவதென்று எண்ணிக்கை வகுத்தது. போனவர்களோடு போன கைத்தொழில் அறிவை எவரும் எண்ணவில்லை.

ஹந்தானையில் 1925இல் கட்டப்பட்ட தொழிற்சாலை இன்று தேயிலை அருங்காட்சியகமாக இருக்கிறது. அங்கே இயந்திரங்களைக் காணலாம். கம்பளைக்கு அருகே தொழிலாளருக்கென்றே ஓர் அருங்காட்சியகம் 2007 முதல் இயங்குகிறது. இரண்டும் பிட்டர்களின் அறிவுக்கு ஓர் இடம் ஒதுக்க வேண்டும் என்பது என் கோரிக்கை.

அதுவரை நாமே செய்யக்கூடியதும் உண்டு. தெரியாத பாகம் கிடைத்தால் உடனே எறியாதீர்கள். படம் எடுங்கள். பற்களை எண்ணுங்கள். எந்தப் பக்கம் தேய்ந்து பளபளக்கிறது என்று பாருங்கள், அது எதனோடு உரசியது என்பதை அந்தத் தேய்வே சொல்லும். பிறகு உங்கள் தோட்டத்தின் பழைய பிட்டரிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள். பாகத்தின் பெயரை மட்டுமல்ல, செய்தவர் பெயரையும் கேட்டு எழுதிவையுங்கள். 1975இல் இருபத்தைந்து வயதில் லேத்தின் முன் நின்றவருக்கு இன்று எழுபத்தைந்து கடந்துவிட்டது.