கணக்கு யார் சொத்து?

செங்கற்பட்டிலும், திருக்கழுக்குன்றத்திலும், மாமல்லபுரம் கடற்கரை ஓரத்துக் குப்பங்களிலும் 12ஆம் வகுப்புத் தேறிய பிள்ளைகளின் பெற்றோர்களுக்கு வருஷந்தோறும் ஒரு கவலை வருகின்றது. அடுத்தாற்போல் என்ன என்பதுதான் அது. டாக்டர், இஞ்சினீயர் என்கின்ற இரண்டு வார்த்தைகளுக்குமேல் நம்மவர்களில் அநேகருக்குத் தெரிவதில்லை. ஆடிட்டர் வேலை என்றாலோ, அது ஏதோ சில குடும்பங்களுக்குத் தாயின் வயிற்றிலேயே எழுதிவைக்கப்பட்ட வேலை என்று எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். இவ்வெண்ணம் எவ்வளவு தூரம் உண்மை என்பதையும், உண்மை இல்லையானால் நம் பிள்ளைகளை இன்னமும் தடுத்துக்கொண்டிருப்பது எது என்பதையும் சிறிது யோசிப்போம்.

கணக்கு என்பது நம் நாட்டில் வெகுகாலம் பிறப்புரிமையாகவே இருந்து வந்தது. செங்கற்பட்டு ஜாகீரைக் கும்பினியாருக்காகத் தாமஸ் பார்னார்டு என்பவர் 1767 முதல் 1774 வரை அளந்தபோது, ஊரில் நிலம் எவ்வளவு, பங்கு யாருக்கு எவ்வளவு என்பதெல்லாம் கணக்குப்பிள்ளைமாரின் ஓலைகளில்தான் இருந்தன. உழுதவனுக்குத் தன் உழைப்பின் கணக்குத் தெரியாது. ஓலை வைத்திருந்தவனுக்குத்தான் தெரியும். கர்ணத்தின் மகன் கர்ணம் என்கின்ற உரிமை 1960களில் சட்டத்திலிருந்து போன பிறகும், அநேக ஊர்களில் பழைய குடும்பங்களே அந்த நாற்காலியை விட்டு இறங்கவில்லை. 1980 நவம்பரில் எம்.ஜி.ஆர். மந்திரிசபை அவசரச் சட்டத்தால் அப்பதவியையே ஒழித்து, பரீட்சை எழுதி வருகின்ற கிராம நிர்வாக அலுவலரை ஏற்படுத்திய பின்புதான் அந்தப் பாத்தியதை ஒழிந்தது. அதனால் வரி வசூல் நின்றுவிட்டதா? வானம் இடிந்து விழுந்துவிட்டதா? ஒன்றுமில்லை. கணக்கு எவர் கைக்கும் வரும் என்பதுதான் ருஜுவாயிற்று.

நிற்க, ஆடிட்டர் தொழிலுக்குக் கதவு வேறு விதமாகச் சாத்தப்பட்டிருந்தது. இங்கிலாந்தில் ஒருவன் ஆடிட்டரிடம் வேலை பழக வேண்டுமானால், பழக்குகிறவருக்குப் பல நூறு பவுன் ‘பிரிமியம்’ கட்ட வேண்டியிருந்தது. அதாவது வேலையும் செய்ய வேண்டும், அதற்குப் பணமும் கொடுக்க வேண்டும். ஆகவே பணக்காரன் பிள்ளைதான் பழகலாம். பெண்களுக்கோ அங்கே 1920இல்தான் மேரி ஹாரிஸ் ஸ்மித் என்ற ஒருவருக்கு முதன்முதலாக இடம் கிடைத்தது. நமது சென்னையில் ஆர். சிவபோகம் என்ற அம்மையார் சுதந்திரப் போராட்டத்தில் சிறை சென்று வந்து, 1933இல் கணக்குப் பரீட்சையில் தேறினார். சிறை சென்றவர்களைக் கணக்காளராகப் பதிவு செய்துகொள்ள மாட்டோம் என்ற சட்டம் குறுக்கே நின்றது. அம்மையார் சும்மா இருந்துவிடாமல் வழக்காடி ஜெயித்து, 1937இல் தனியே தொழில் தொடங்கினார். இந்தியாவிலேயே முதல் பெண் ஆடிட்டர் அவர்தான். 1949 ஜூலை 1இல் பட்டயக் கணக்காளர் நிறுவனம் ஏற்பட்ட பிறகு, 1955 முதல் 1958 வரை அதன் தென்னிந்திய வட்டார மன்றத்துக்குத் தலைமை வகித்தவரும் அவரே. பெண் புத்தி பின்புத்தி என்கிறவர்கள் இதற்கு என்ன பதில் சொல்லுவார்கள்?

இன்று இந்தத் தொழிலுக்குக் குலம் வேண்டியதில்லை. காலேஜுப் பட்டம்கூடக் கட்டாயமில்லை. 12ஆம் வகுப்பு முடித்து முதல்நிலைப் பரீட்சை எழுதலாம். பிறகு இடைநிலைப் பரீட்சையில் இரண்டு பிரிவுகளையும் தேறி, ஓர் ஆடிட்டரிடம் ‘ஆர்ட்டிகிள்’ஆகச் சேரலாம். 3 வருஷமாக இருந்த இப்பழகுகாலம் 2023 ஜூலை 1 முதல் 2 வருஷமாகக் குறைக்கப்பட்டிருக்கிறது. அது முடிந்து 6 மாதம் படித்துக் கடைசிப் பரீட்சை எழுத வேண்டும். ஒவ்வொரு பாடத்திலும் நூற்றுக்கு 40, மொத்தத்தில் நூற்றுக்கு 50 வாங்கினால் தேர்ச்சி. விடைத்தாளைத் திருத்துகிறவருக்கு எழுதியவன் குப்பத்தானா, கோயில் குருக்கள் மகனா என்பது தெரியாது. இதுவரையில் நமக்கு மிக்க சந்தோஷமே.

ஆனால், பழகுகிற பிள்ளை எதைச் சாப்பிடுவது? பிரிமியம் போய் ‘ஸ்டைபண்ட்’ என்னும் உதவிப்பணம் வந்திருப்பது உண்மைதான். 1988ஆம் வருஷத்து விதிகளில் 48ஆவது விதி அந்தக் குறைந்தபட்சத் தொகையை ஊரின் ஜனத்தொகையைக்கொண்டு நிர்ணயித்தது. 20 லட்சத்துக்கு மேற்பட்ட பட்டணத்தில் முதல் வருஷம் மாதம் 1,000 ரூபாய் என்றிருந்த நாளில், 4 லட்சத்துக்குக் குறைந்த ஊரில் 500 ரூபாய்தான். பிறகு தொகை உயர்ந்ததேயொழிய, ஊரைப் பார்த்து மனிதனை விலைபோடும் அந்த ஏற்பாட்டை நியாயமென்று சொல்ல நமக்கு ஒரு காரணமும் தெரியவில்லை. செங்கற்பட்டின் ஜனத்தொகை 2011 கணக்கில் சுமார் 62,000. ஆகையால் அது கடைசிப் படியில் நிற்க வேண்டியதுதான். செங்கற்பட்டுப் பையனுக்குப் பசி பாதியாகவா எடுக்கும்? புத்தகக் கடைக்காரன் சிறிய ஊர் என்று பாதி விலைக்கா கொடுப்பான்?

கொக்கிலமேட்டில் வலை இழுப்பவர் ஒருவருடைய மகன் செங்கற்பட்டில் ஆர்ட்டிகிளாக இருப்பதாக வைத்துக்கொள்வோம். போக 30 கிலோமீட்டர், வர 30 கிலோமீட்டர். வாரத்துக்கு 35 மணி நேர வேலை என்று விதி சொல்லுகிறது. ஆனால் செப்டம்பரில் வருமானவரித் தணிக்கைக்குக் கெடு நெருங்கும்போது கடிகாரத்தை யார் பார்க்கிறார்கள்? இரவு வீடு திரும்பினால் படிப்பு. கடைசிப் பரீட்சைக்கு முந்திய 6 மாதமோ உதவிப்பணமும் கிடையாது. சொத்துள்ளவன் மகனுக்கு அது படிப்புக்காலம். இல்லாதவன் மகனுக்கு அது பட்டினிக்காலம். பெரும்பாலோர் படிப்பை விட்டுவிடுவது மூளை இல்லாததால் அல்ல, மூட்டை கட்டிக்கொடுக்க வீட்டில் ஒன்றுமில்லாததால்தான். இங்கிலாந்தின் பெரிய கணக்குக் கம்பெனிகள் 18 வயதுப் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சம்பளம் கொடுத்து, பரீட்சைக் கட்டணத்தையும் தாமே கட்டிப் படிக்கவைக்கின்றன. பிரிமியம் வாங்கின தேசமே மாறிவிட்டது. நாம் ஏன் மாறக்கூடாது?

இந்த நிலையில் நம் பெற்றோர்கள் செய்வதென்ன? பையன் ஒரு பாடத்தில் 38 வாங்கித் தவறினால், இரண்டு மார்க்கு எங்கே போயிற்றென்று பார்ப்பதில்லை. சனி எந்த வீட்டில் இருக்கிறதென்று பார்க்கிறார்கள். பரிகாரத்துக்கும் அர்ச்சனைக்கும் செலவழித்த பணத்தை அவனுக்கு ஒரு மாதச் சோற்றுக்கும் பாடப் புத்தகத்துக்கும் கொடுத்திருந்தால் அந்த இரண்டு மார்க்கு தானே வந்திருக்கும். பிள்ளையார் சுழி போட்டுத் தொடங்கிய பேரேடுகள் எத்தனையோ நஷ்டத்தில் முடிந்திருக்கின்றன. முதல் மரக்காலை ‘லாபம்’ என்று கூவி அளந்த கடைகள் எத்தனையோ மூடிக் கிடக்கின்றன. பற்றும் வரவும் சரியாய் இருந்தால்தான் ஐந்தொகை நேராகுமேயன்றி, சந்தனம் பூசினால் நேராகாது.

இது சில பிள்ளைகளின் பிழைப்பைப் பற்றிய விஷயம் மாத்திரமல்ல. முன்பணம் கொடுத்த ஏலக்காரர் மீன் விலையில் எவ்வளவு பிடித்தார், கடன் எவ்வளவு தீர்ந்தது என்பது படகுக்காரருக்குத் தெரிய வேண்டாமா? மாமல்லபுரத்தில் கல் செதுக்குகிறவர், தம் சிலை என்ன விலைக்குப் போயிற்று, ஜி.எஸ்.டி. எவ்வளவு என்று மற்றவனைக் கேட்டா அறிந்துகொள்ள வேண்டும்? தன் கணக்கைத் தான் படிக்கத் தெரியாதவன் எக்காலத்திலும் பிறனுக்குக் கடன்காரனே.

ஆகவே, ஆடிட்டர்கள் விதி சொல்லும் குறைந்தபட்சத்தையே அதிகபட்சமாகக் கொள்ளாமல், வயிறு நிறையும்படி கொடுக்க வேண்டும். வேலை பழக வந்தவனைக் காப்பி வாங்கிவர ஓட்டக்கூடாது. நிறுவனத்தார் ஜனத்தொகைப் பாகுபாட்டை ஒழித்து, கடைசி 6 மாதத்துக்கும் ஏழைப் பிள்ளைகளுக்கு உதவிப்பணம் கிடைக்க வழி செய்ய வேண்டும். பெண்ணுக்கு எதற்கு இந்தப் படிப்பு என்கிறவர்களுக்கு ஒன்று ஞாபகப்படுத்துகிறோம். 1929 பிப்ரவரியில் இதே செங்கற்பட்டில் கூடிய முதலாவது சுயமரியாதை மகாநாடு, சொத்திலும் தொழிலிலும் பெண்ணுக்கு ஆணோடு சம உரிமை வேண்டுமென்று தீர்மானித்தது. அத்தீர்மானத்தைக் காகிதத்திலேயே வைத்துக்கொண்டிருந்தால் நமக்குத்தான் வெட்கம்.

அதுவரையில் தோழர்கள் சும்மா இருக்க வேண்டியதில்லை. ஊர்தோறும் உள்ள நம் படிப்பகங்களை இரவு 10 மணி வரையில் திறந்து, விளக்கும் மேஜையும் கணக்குப் புத்தகங்களும் வைத்தால் போதும். தேறிய ஒருவர் தேறப்போகும் இருவருக்கு வாரம் ஒரு நாள் சொல்லிக்கொடுத்தால் போதும். திருவிழாவுக்கு வசூலிக்கத் தெரிந்த நமக்கு, ஒரு பிள்ளையின் 6 மாதச் சாப்பாட்டுக்கு வசூலிக்கத் தெரியாதா?