கப்பலுக்கு முன் கால அட்டவணை

நாகப்பட்டினத்திலிருந்து இலங்கையின் காங்கேசன்துறைக்குப் பயணிகள் கப்பல் சேவையை 2023 அக்டோபர் 14 அன்று பிரதமர் காணொலி வழியே தொடங்கிவைத்தார். 150 பேர் அமரும் 'செரியபாணி' கப்பல் ஒரு வாரத்தைக்கூடத் தாண்டவில்லை. வடகிழக்குப் பருவமழையைச் சொல்லி நிறுத்தப்பட்டது. ஐப்பசி பிறக்கும் தறுவாயில் வங்கக் கடல் என்ன ஆகும் என்பது நாகை மீனவக் குப்பங்களில் சிறுவருக்கும் தெரியும். 2024 ஆகஸ்டில் 'சிவகங்கை' வந்தது, நவம்பரில் நின்றது, 2025 பிப்ரவரியில் மறுபடி ஓடியது. மழைக்காலத்தில் நிறுத்துவதில் தவறில்லை. எந்தத் தேதியில் நிற்கும், எந்தத் தேதியில் தொடங்கும் என்று முன்கூட்டியே சொல்லாததுதான் தவறு. யாழ்ப்பாணத்தில் தைப்பொங்கலுக்கு உறவினர் வீடு போக நினைப்பவர், கப்பல் ஓடுமா என்று தெரியாதபோது விமானத்துக்குத்தான் பணம் கட்டுவார்.

2011 ஜூனில் தூத்துக்குடி–கொழும்பு இடையே ஆயிரம் பேருக்கு மேல் ஏற்றும் 'ஸ்கோட்டியா பிரின்ஸ்' ஓடியது, நவம்பரிலேயே நின்றுபோனது. அங்கே கப்பல் கூட்டத்துக்குப் பெரிது. நாகையிலோ கப்பல் கடலுக்குச் சிறிது. ஆனால் பெரிய கப்பல் நாகைக்கு வர, மணல் மேடிடும் கடுவையாற்று முகத்துவாரத்தை ஆண்டுதோறும் தூர்வார வேண்டும். இந்தக் கணக்கைப் போட்டபின் கப்பலைத் தேர்ந்திருக்க வேண்டும். 1914இல் தொடங்கிய போட் மெயில் ஏற்பாடு அப்படி முன்கூட்டியே கணக்குப் போட்டு அமைந்தது: எழும்பூரில் ஏறியவர் தனுஷ்கோடித் துறையில் இறங்கி நீராவிக் கப்பலில் கடந்தால், தலைமன்னாரில் கொழும்பு ரயில் காத்திருக்கும். 1964 புயல் தனுஷ்கோடியை அழிக்கும் வரை அந்தத் துறை வழியாக அது ஓடியது. ரயில், கப்பல், ரயில் மூன்றும் ஒரே நேரக் கணக்கில் இணைந்திருந்ததே அதன் பலம்.

சென்னையிலிருந்து யாழ்ப்பாணத்தின் பலாலிக்கு விமானம் இருக்கையில், நட்டத்தில் கப்பல் எதற்கு என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. ஆனால் மூட்டை முடிச்சோடு போகும் சிறுவணிகருக்கும், குடும்பமாகத் திருநள்ளாறு, வேளாங்கண்ணி, நாகூர் வரும் ஈழத்துப் பக்தருக்கும் விமானம் ஈடாகாது. நட்டத்தைப் பேசும் அரசே 2023இல் 6,500 ரூபாய்க் கட்டணத்தின் மேல் 18 சதவீத வரி சேர்த்து 7,670 ஆக்கியது! ஊர்ப் பேருந்து நட்டத்தில் ஓடினாலும் நிறுத்துவதில்லை. இரண்டு கரைத் தமிழரை இணைக்கும் வழியையும் அந்த வகையிலேயே வைக்க வேண்டும். இந்தக் கப்பல் சேவையின் செலவுக்கு இந்தியா கைகொடுக்க முன்வந்தபோது இந்தக் கொள்கையை அரசு ஏற்கெனவே ஒப்புக்கொண்டுவிட்டது. அந்த உதவியை ஆண்டுக்காண்டு நீட்டிக் காத்திருக்க வைக்காமல், ஐந்தாண்டுக்கு ஒரேயடியாக உறுதிசெய்யட்டும். வரியை விலக்கட்டும். கப்பல் நிற்கும் நாள்களையும், கரை சேரும் நேரத்துக்கேற்ற ரயில் பேருந்து நேரங்களையும் ஆண்டுத் தொடக்கத்திலேயே இரு கரையிலும் அச்சிட்டு ஒட்டட்டும்.