ஆசியர் உயர்ந்தார்களாம்! கம்போடியர் எங்கே போனார்கள்?

சென்ற வாரம் ஒரு பஞ்சாலையின் வாசல். பகல் ஷிப்ட் விட்டு வந்த தோழர்கள் டீக்கடை பெஞ்சில் அமர்ந்திருந்தார்கள். ஒருவர் தினப் பத்திரிகையை உரக்கப் படித்தார். அமெரிக்காவில் குடியேறிய ஆசியர்கள் வெள்ளையரையும் விஞ்சி விட்டார்களாம். அவர்களுக்குள்ளும் இந்தியரே முதலிடமாம். மூளையும் உழைப்பும் கட்டுப்பாடான குடும்ப வாழ்க்கையுமே அதற்குக் காரணமாம்!

கோன் வைண்டிங்கில் வேலை பார்க்கும் ஒரு இளந்தோழர் என் பக்கம் திரும்பினார். "ஏனுங்க தோழர், கையிலே ஒண்ணுமில்லாமப் போனவங்க அங்கே ஒசந்துட்டாங்க. நாம இங்கேயே கிடந்து மாடா உழைச்சும் ஒசரலை. அப்படின்னா நமக்கு மூளை இல்லைன்னுதானுங்களே அர்த்தம்?" என்றார்.

அவர் கேலியாகக் கேட்கவில்லை. உண்மையாகவே கேட்டார். அதுதான் என்னைச் சுட்டது. ஒரு பொய்க் கணக்கு கடல் கடந்து வந்து, எட்டு மணி நேரம் நின்று நூல் சுற்றிய ஒரு வாலிபனைத் தன்னையே இகழ வைக்கிறது என்றால், அந்தப் பொய்யின் குடலை உருவி வெளியே போட்டாக வேண்டும். அதற்காகவே இக்கட்டுரை.

பித்தலாட்டக் கணக்கு

ஒரு ஆலை முதலாளிக்கு மாத வருமானம் ஒரு கோடி ரூபாய். அவருடைய ஆலையில் 100 தொழிலாளிகள், தலைக்கு 15 ஆயிரம் கூலி. அனைத்தையும் கூட்டி 101 பேருக்கும் பங்கிட்டுப் பாருங்கள். தலைக்கு ஒரு லட்சத்து 13 ஆயிரத்துக்கு மேல் வருகிறது! "இந்த ஆலையில் எல்லோரும் லட்சாதிபதிகள்" என்று பத்திரிகையில் போட்டுக்கொள்ளலாம். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பது இதுதான்.

"ஆசியர்" என்ற சொல்லும் அப்படிப்பட்ட ஒரு சாக்குப் பைதான். சீனர், ஜப்பானியர், இந்தியர், பிலிப்பினோக்கள், வியட்நாமியர், கம்போடியர், லாவோஸ் மக்கள், பூட்டானிலிருந்து விரட்டப்பட்டவர்கள் என்று அத்தனை பேரையும் அதற்குள் போட்டுக் கட்டி, ஒரே எடைக் கல்லால் நிறுக்கிறார்கள்.

மூட்டையை அவிழ்ப்போம். 2019ம் ஆண்டுக் கணக்கு இது. குடும்பங்களை வருமானப்படி வரிசையில் நிறுத்தினால் நட்டநடுவில் நிற்கும் குடும்பத்தின் ஆண்டு வருமானம், ஆசியர் என்ற மொத்தக் கணக்கில் சுமார் 86 ஆயிரம் டாலர். அதில் இந்தியரைத் தனியே எடுத்தால் ஒரு லட்சத்து 19 ஆயிரம். கம்போடியரைத் தனியே எடுத்தால் சுமார் 67 ஆயிரம். அந்த 67 ஆயிரமும் பெரிய குடும்பத்தில் பலர் உழைத்துச் சேர்த்தது. படிப்பிலோ, வயது வந்த இந்தியரில் நாலில் மூன்று பேர் பட்டதாரிகள். கம்போடியரில் ஐந்தில் ஒருவர் அளவுக்குத்தான் பட்டம் பெற்றவர்.

இன்னொரு கணக்கையும் கேளுங்கள். ஆசியரில் வருமான ஏணியின் மேல்தட்டில் நிற்பவர், கீழ்த்தட்டில் நிற்பவரைப்போல் 1970ல் 6.1 மடங்கு சம்பாதித்தார். 2016ல் இது 10.7 மடங்காகி விட்டது. அமெரிக்காவின் பெரிய இனப் பிரிவுகளிலேயே ஏற்றத்தாழ்வு மிகுந்தது "முன்னேறிய" ஆசியப் பிரிவுதான்! இதைப் பெருமை பேசும் ஏடுகள் கொட்டை எழுத்தில் போடுமா?

சல்லடையில் சலித்தெடுத்தவர்கள்

இந்தியர் மூளையால் உயர்ந்தனர் என்கிறார்கள். நல்லது. 1965க்கு முன்பு அந்த மூளை எங்கே போயிருந்தது?

1882ல் சீனத் தொழிலாளிகள் வரக்கூடாது என்று அமெரிக்கா சட்டம் போட்டது. 1917ல் இந்தியா உட்பட ஆசியாவின் பெரும் பகுதிக்கே கதவை அடைத்தது. 1923ல் பகத் சிங் திண்ட் என்ற பஞ்சாபியர் வழக்கில், இந்தியர் வெள்ளையர் அல்லர், ஆகவே குடியுரிமை இல்லை என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இத்தனைக்கும் அவர் முதல் உலகப் போரில் அமெரிக்கப் படையில் பணியாற்றியவர்! அன்று கலிபோர்னியா வயல்களில் கூலி வேலை செய்த பஞ்சாபிகளை "முன்மாதிரி இனம்" என்று யாரும் கொண்டாடவில்லை.

1965ல் சட்டம் மாறியது. மூலதனத்துக்கு டாக்டர்களும் எஞ்சினீயர்களும் விஞ்ஞானிகளும் தேவைப்பட்டனர். உறவினருக்கும், தேர்ச்சி பெற்ற உழைப்புக்கும் கதவு திறந்தது. 1990ல் வந்த எச்-1பி விசா, கணிப்பொறி எஞ்சினீயர்களுக்கு இன்னொரு வாசல் ஆயிற்று. அதாவது, கோடிக்கணக்கான இந்திய மக்களைச் சல்லடையில் போட்டுச் சலித்து, மேலே நின்ற படித்தவர்களை மட்டும் பொறுக்கி எடுத்துக்கொண்டார்கள். அவர்களில் பெரும்பாலோர் தலைமுறை தலைமுறையாக நிலமும் படிப்பும் கையிலிருந்த சாதிகளிலிருந்து போனவர்கள். தஞ்சையில் நாற்று நடும் பெண்ணுக்கும் விருதுநகரில் தீக்குச்சி அடுக்கும் பெண்ணுக்கும் அந்த விசா கொடுத்தார்களா?

அவர்கள் வெறுங்கையோடும் போகவில்லை. கையிலே பட்டம் இருந்தது. நம் நாட்டு அரசுக் கல்லூரிகளில் பயின்று போனவர்களின் பட்டத்துக்கு யார் செலவு செய்தது? துணிக்கும் சோப்புக்கும் தீப்பெட்டிக்கும் வரி கொடுத்த உழைப்பாளி செலவு செய்தான். அவர்கள் மீது நமக்குப் பொறாமை இல்லை. திறமையுள்ளவர்கள்தான், உழைப்பவர்கள்தான். ஆனால், பொறுக்கி எடுத்த நெல்லைக் காட்டி "எங்கள் வயலில் பதரே விளையாது" என்று ஜம்பம் அடிக்காதீர்கள் என்கிறோம்.

குண்டு விழுந்த வயல்கள்

இனி, கம்போடியர் எப்படிப் போனார்கள் என்று பாருங்கள்.

கம்போடியா நெல் விளையும் நாடு. நம்மைப் போலவே சேற்றில் கால் வைத்து நாற்று நடும் மக்கள். வியட்நாமில் தோற்றுக்கொண்டிருந்த அமெரிக்க அரசு, 1969 மார்ச்சில் அந்த வயல்கள் மீது இரகசியமாகக் குண்டு பொழியத் தொடங்கியது. சொந்த நாட்டு மக்களுக்கே தெரியாமல் அதைச் செய்தது. 1973 ஆகஸ்டில் அமெரிக்கக் காங்கிரஸ் தடுத்து நிறுத்தும்வரை அது நடந்தது. விழுந்த குண்டு சுமார் ஐந்து லட்சம் டன் என்று கணக்கிடுகிறார்கள். கிராமம் கிராமமாக மக்கள் பிணமானார்கள், அகதியானார்கள்.

அந்தச் சாம்பலிலிருந்துதான் போல் பாட் கும்பல் எழுந்தது. 1975 ஏப்ரல் 17 முதல் 1979 ஜனவரி 7 வரை ஆட்சி செய்து, பதினைந்து லட்சத்துக்கும் மேற்பட்ட சொந்த மக்களைப் பட்டினியாலும் நோயாலும் கொலையாலும் அழித்தது. கம்யூனிசத்தின் பெயரைச் சொல்லிக்கொண்டுதான் அக்கும்பல் இதைச் செய்தது. இதை மறைக்க நமக்கு உரிமையில்லை. மறைப்பவன் உழைப்பாளிக்கு நண்பனும் அல்லன். ஆசிரியர்களும் டாக்டர்களும் குறிவைத்து அழிக்கப்பட்டார்கள். பள்ளிகள் மூடப்பட்டன. ஒரு தலைமுறையின் படிப்பே மண்ணோடு மண்ணாயிற்று.

அந்தக் கும்பலை வீழ்த்தியது வியட்நாம் படையும் அதனுடன் சேர்ந்து போரிட்ட கம்போடியரும். அப்போது சுதந்திர உலகின் காவலர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? 1979ல் ஐக்கிய நாடுகள் சபையில், துரத்தப்பட்ட போல் பாட் ஆட்சிக்கே நாற்காலி கொடுக்க அமெரிக்கா வாக்களித்தது. சீனாவும் அதே பக்கம் நின்றது. இந்தியா 1980ல் புதிய அரசை அங்கீகரித்தது.

உயிர் தப்பியவர்கள் கண்ணிவெடிக் காடுகளைத் தாண்டி, தாய்லாந்து எல்லை முகாம்களில் போய் விழுந்தார்கள். அங்கிருந்து சுமார் ஒன்றரை லட்சம் பேர் அமெரிக்கா போய்ச் சேர்ந்தார்கள். பெரும்பாலோர் விவசாயிகள், தம் மொழியிலேயே எழுதப் படிக்க அறியாதவர்கள் ஏராளம். கணவனை இழந்த பெண்கள், தகப்பனை இழந்த பிள்ளைகள். டாக்டர் பட்டத்தோடு விமானம் ஏறியவனையும், பிணக்குவியலிலிருந்து எழுந்து வந்தவளையும் ஒரே கோட்டில் நிறுத்தி "ஓடுங்கள், யார் முந்துகிறீர்கள் பார்ப்போம்" என்பது பந்தயமா? பாதகம்!

லோவல் நகரின் பஞ்சாலைகள்

பஞ்சாலைத் தோழர்கள் லோவல் என்ற பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். மாஸாசூஸட்ஸ் மாநிலத்தில் மெர்ரிமாக் ஆற்றங்கரையில் உள்ள ஊர். 1820களில் அங்கே பெரும் பருத்தி ஆலைகள் எழுந்தன. தெற்கே கறுப்பு அடிமைகள் பறித்த பஞ்சு, கிராமத்து விவசாயிகளின் பெண்மக்கள் கையில் நூலாகித் துணியாயிற்று. கூலியை வெட்டியபோது 1834லும், விடுதிக் கட்டணத்தை ஏற்றியபோது 1836லும் அந்தப் பெண்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். பிறகு அயர்லாந்துக்காரர், பிரெஞ்சுக் கனடியர், கிரேக்கர் என்று புதுப்புது ஏழைகள் வந்தார்கள். இன்னும் மலிவான கூலி தேடி 1920களில் ஆலைகள் தெற்கே ஓடின. ஊர் நசித்தது.

1980களில் கம்போடிய அகதிகள் வந்து சேர்ந்தது இந்த ஊருக்குத்தான். இப்போது அமெரிக்காவில் கம்போடியர் மிகுதியாக வாழும் இரண்டாவது நகரம் இது. முதலாவது கலிபோர்னியாவின் லாங் பீச். லோவலிலும் சுற்றுப்புறத்திலும் மின்னணுப் பொருள்களைப் பூட்டும் வேலை அவர்களுக்குக் கிடைத்தது. மொழி தேவையில்லை, விரல் வேகம் போதும். அவ்வூரின் பெரிய கம்ப்யூட்டர் கம்பெனியான வாங் 1992ல் திவாலாயிற்று. மலிவு விரல்களைத் தேடி வந்த மூலதனம், இன்னும் மலிவான விரல்களைத் தேடிப் போய்விட்டது. ஆலை மூடிய ஊரில் வாழ்ந்தவனுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

பிள்ளைகளின் கதி? பள்ளியில் இடமில்லை என்று அகதிப் பிள்ளைகளை ஒதுக்குப்புறமான அறைகளில், கழிவறையாக இருந்த அறையில்கூட உட்கார வைத்தார்கள். கம்போடியப் பெற்றோரும் ஸ்பானிஷ் மொழி பேசும் பெற்றோரும் ஒன்றுசேர்ந்து 1987ல் நீதிமன்றம் போனார்கள். கலிபோர்னியாவின் ஸ்டாக்டன் நகரில் 1989 ஜனவரி 17 அன்று ஒரு வெறியன் பள்ளி மைதானத்தில் துப்பாக்கியால் சுட்டான். மாண்ட ஐந்து குழந்தைகளில் நால்வர் கம்போடியர், ஒருவர் வியட்நாமியர். குண்டுக்குத் தப்பி ஓடிவந்த குடும்பங்களின் குழந்தைகள்!

1990 கணக்குப்படி அமெரிக்காவின் மொத்த மக்களில் 100க்கு 13 பேர் வறுமையில் இருந்தார்கள். கம்போடியரில் 100க்கு 42 பேர். லாங் பீச் கம்போடியரிடையே நடந்த ஒரு மருத்துவ ஆய்வு 2005ல் வெளிவந்தது. அகதியாக வந்து இருபது ஆண்டுகள் கழிந்தும் 62 சதவிகிதம் பேருக்குப் பழைய கோரங்களின் அதிர்ச்சி நோய் நீங்கவில்லை. 51 சதவிகிதம் பேருக்குக் கடும் மனச்சோர்வு. "கட்டுப்பாடான குடும்ப வாழ்க்கை" பற்றி உபதேசம் செய்கிறவர்களே, குடும்பத்தையே புதைத்துவிட்டு வந்தவளிடம் போய் அந்த உபதேசத்தைச் சொல்வீர்களா?

ஆயினும் அந்த மக்கள் சோர்ந்து கிடக்கவில்லை. கலிபோர்னியாவில் விடியுமுன் எழுந்து குடும்பமே மாவு பிசைந்து நடத்தும் டோநட் கடைகளில் பெரும்பாலானவை அவர்களுடையவை. வறுமைக் கணக்கு 1990க்குப் பிறகு வெகுவாக இறங்கியிருக்கிறது. 2022ல் லோவல் நகரின் மேயராக ஒரு கம்போடிய அகதியே பதவி ஏற்றார். உழைப்பிலும் அறிவிலும் அவர்கள் யாருக்கும் இளைத்தவர்கள் அல்லர். அவர்கள் புறப்பட்ட இடம் வேறு, அவ்வளவுதான்.

பொய்யால் யாருக்கு லாபம்?

"ஆசியரைப் பார்!" என்ற பாட்டு எப்போது தொடங்கியது? 1965 ஆகஸ்டில் லாஸ் ஏஞ்சலீஸின் வாட்ஸ் பகுதியில் கறுப்பு மக்கள் கொந்தளித்தார்கள். 1966லேயே பெரிய ஏடுகள், ஜப்பானியரையும் சீனரையும் காட்டி, அரசின் தயவின்றி உயர்ந்த இனங்கள் என்று எழுதத் தொடங்கின. கறுப்பர் வாயை அடைக்க மஞ்சள் நிறத்தானைப் புகழ்ந்தார்கள்! 2023 ஜூன் 29 அன்று கல்லூரிச் சேர்க்கையில் இனத்தைக் கணக்கில் எடுக்கும் முறையை உச்ச நீதிமன்றம் வெட்டியபோதும், ஆசிய மாணவருக்கு அநீதி என்ற பெயரால்தான் வழக்கு நடந்தது. கம்போடியப் பிள்ளைக்கும் அந்த முறை ஒரு கைத்தடியாக இருந்ததே! அதை யார் நினைத்தார்கள்? நம் நாட்டில் இட ஒதுக்கீட்டுக்கு எதிராகத் "திறமை, திறமை" என்று கூவும் குரல் இதன் உடன்பிறப்பு இல்லையா?

தோலை உரித்த கையே தழும்புக்கும் தண்டனை கொடுத்தது. வறுமைத் தெருக்களில் வளர்ந்து குற்றத்தில் சிக்கிய கம்போடிய வாலிபர்கள், சிறைத் தண்டனையை அனுபவித்து முடித்த பின்னும், 1996ம் ஆண்டுச் சட்டத்தின்படி நாடு கடத்தலுக்கு உரியவர்கள் ஆனார்கள். 2002ல் கம்போடியாவுடன் ஒப்பந்தம் போட்டு நூற்றுக்கணக்கானவர்களை அனுப்பினார்கள். அவர்களில் பலர் தாய்லாந்து முகாமில் பிறந்தவர்கள், கம்போடிய மண்ணையே கண்டறியாதவர்கள்!

ஆகவேதான் தங்களைத் தனியாக எண்ணுங்கள் என்று அம்மக்கள் போராடினார்கள். 2016ல் கலிபோர்னியாவில் சட்டம் வந்தது. ஆனால் எதிர்ப்புக் கிளம்பியதால் உயர் கல்விக் கணக்கை விட்டுவிட்டு, சுகாதாரக் கணக்கோடு நிறுத்திக்கொண்டார்கள். எண்ணப்படாதவனுக்குப் பங்கும் இல்லை. எண்ணிக்கைக்கு ஏன் இத்தனை அச்சம் என்று இப்போது புரிகிறதா?

இளந்தோழரே, உமக்குப் பதில் இதுதான். உமக்கு மூளை இல்லாமல் இல்லை. கம்போடியப் பெண்ணுக்கும் இல்லாமல் இல்லை. வாசலில் நின்று யாரை உள்ளே விடுவது என்று தீர்மானிக்கிறவன் ஒருவன், உள்ளே வந்தவனைக் காட்டி வெளியே நிற்பவனை ஏளனம் செய்பவன் ஒருவன். இரண்டு பேரும் ஒரே வீட்டுக்காரர்கள். அடுத்த முறை யாராவது "உயர்ந்த இனம்" என்று பத்திரிகை படித்தால், மூன்றே கேள்வி கேளும்: எங்கிருந்து புறப்பட்டார்கள்? யார் கதவைத் திறந்தது? கணக்கில் யாரை மறைத்தீர்கள்?

பதில் வராது. பத்திரிகையை மடித்து வைப்பார்கள்!