மனப்பாடம் செய்த தீர்ப்புகள்

மேஜிக்: தி கேதரிங் ஆட்டத்துக்கு நடுவராகப் பயிற்சிக்கு வருகிறவர்களில் பலர் கையில் ஒரு பட்டியலோடு வருகிறார்கள். இந்தக் கார்டும் அந்தக் கார்டும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று ஜோடி ஜோடியாக எழுதி, எதிரே விடையையும் எழுதிய பட்டியல். பிளட் மூனும் அர்போர்கும் சந்தித்தால் பிளட் மூன் ஜெயிக்கும். ஹ்யூமிலிட்டி வந்தால் கிரீச்சர்களின் திறன்கள் எல்லாம் போய்விடும். விடைகள் பெரும்பாலும் சரியானவைதான். இருந்தும் அந்தப் பட்டியலைக் கிழித்துப் போடச் சொல்வதற்காகவே இந்த உரையை எழுதுகிறேன்.

முதல் ஜோடியையே எடுத்துக்கொள்வோம். 1994-இல் தி டார்க் தொகுப்பில் வந்த பிளட் மூன், அடிப்படை நிலம் அல்லாத நிலங்களை எல்லாம் மவுன்டனாக்குகிறது. 2007-இல் பிளேனர் கேயாஸில் வந்த அர்போர்க், எல்லா நிலங்களுக்கும் ஸ்வாம்ப் வகையைக் கூடுதலாகத் தருகிறது. கார்டுகளின் விளைவுகளை விதி லேயர் லேயராக அடுக்கிச் செயல்படுத்துகிறது. இரண்டும் வேலை செய்வது நான்காவது லேயரில், வகையை மாற்றும் லேயரில். ஒரே லேயர் என்றால் டைம்ஸ்டாம்ப் பார்த்து, முன்னால் வந்ததை முன்னால் செயல்படுத்த வேண்டும். ஆனால் அர்போர்கும் அடிப்படை அல்லாத நிலம்தான். பிளட் மூன் அதைத் தொட்டதும் அதன் திறன் போய்விடும். ஸ்வாம்ப் ஆக்கும் விளைவே இருக்காது. இப்படி ஒரு விளைவைச் செயல்படுத்தினால் இன்னொன்று இருக்குமா இருக்காதா என்பதே மாறிவிடும் என்றால், அந்த இன்னொன்று முதலாவதைச் சார்ந்தது. அது காத்திருந்தே ஆக வேண்டும். எனவே எது முதலில் மேசைக்கு வந்தது என்ற கேள்வி எழவே எழாது. பிளட் மூன் முதலில். அர்போர்க் வெறும் மவுன்டன்.

இந்த வழியில் நடந்து விடைக்கு வந்தவர் லேயர்களைச் சொல்லும் விதி 613-இன் நடுப்பகுதியைக் கற்றுக்கொண்டார். பட்டியலில் படித்தவரோ, திறனைப் பறிக்கும் கார்டு எப்போதும் முந்தும் என்று கற்றுக்கொள்கிறார். அவரிடம் மேகஸ் ஆஃப் தி மூனையும் ஹ்யூமிலிட்டியையும் கொடுத்துப் பாருங்கள். மேகஸ், பிளட் மூனின் வேலையைச் செய்யும் கிரீச்சர். ஹ்யூமிலிட்டி எல்லாக் கிரீச்சர்களின் திறன்களையும் நீக்குகிறது. ஆகவே நிலங்கள் பழையபடி ஆகிவிடும் என்று தயங்காமல் சொல்வார். தவறு. மேகஸின் விளைவு நான்காவது லேயரிலேயே நடந்து முடிகிறது. ஹ்யூமிலிட்டி திறனைப் பறிப்பது ஆறாவது லேயரில். அது வந்து சேர்வதற்குள் நிலங்கள் மவுன்டன்கள் ஆகிவிட்டன. பின்னோக்கிப் போய் அதை யாரும் கலைப்பதில்லை. மேசைமேல் திறனே இல்லாத 1/1 மேகஸ் நிற்கும், நிலங்களும் மவுன்டன்களாகவே இருக்கும். விதி இங்கே துல்லியமாகத் தன் வேலையைச் செய்கிறது. இதைப் பார்த்து வியக்காத நடுவர் இந்தத் தொழிலில் அதிக நாள் நிலைக்க மாட்டார் என்பது என் எண்ணம்.

பட்டியலுக்கு இன்னொரு நோயும் உண்டு, அது பழசாகிவிடும். மாக் ஃபனாட்டிக் ஒரு சண்டையில் இரண்டு டேமேஜ் தரும் என்பது ஒரு காலத்தில் எல்லோருக்கும் தெரிந்த விடை. சண்டை டேமேஜை ஸ்டாக்கில் வைத்துவிட்டு, அது தீருமுன் ஃபனாட்டிக்கைப் பலி கொடுப்பார்கள். 2009-இல் மேஜிக் 2010 விதிகள் வந்தபோது சண்டை டேமேஜ் ஸ்டாக்குக்குப் போவது நின்றது. அந்த விடையும் செத்தது. பல கிரீச்சர்கள் தடுக்கும்போது டேமேஜைப் பங்கிட வரிசை அறிவிக்கும் முறையை 2024-இல் ஃபவுண்டேஷன்ஸ் விதிகள் நீக்கின. பழைய வரிசையை வைத்துத் தீர்ப்பு சொல்லும் குரலை மேசைகளில் இன்னும் கேட்க முடிகிறது. வழியைத் தெரிந்தவர் மாறிய படியை மட்டும் மாற்றிக்கொள்வார். விடையை மட்டும் வைத்திருப்பவருக்கு எது மாறியது என்றே தெரியாது.

மேசைக்கு வருவோம். அங்கே கை தூக்குகிறவர் கேட்பது லேயர் கேள்வியாக இருப்பது அரிது. "சார், என் டார்மோகாய்ஃப் சாகுமா?" என்பதுதான் கேள்வி. லைட்னிங் போல்ட் மூன்று டேமேஜ், காய்ஃப் 2/3, ஆகவே சாகும் என்பது எளிய கணக்கு. காய்ஃபின் பலமோ எல்லாக் கிரேவ்யார்டுகளிலும் உள்ள கார்டு வகைகளின் எண்ணிக்கை. தாங்கும் எண் அதற்கு ஒன்று கூடுதல். போல்ட் தீரும்போது அதன் கடைசி வேலை, தானே கிரேவ்யார்டுக்குப் போவது. கிரீச்சர் சாகுமா என்று சோதிக்கும் ஸ்டேட்-பேஸ்ட் ஆக்‌ஷன்கள் பார்க்கப்படுவது அதற்குப் பிறகுதான். கிரேவ்யார்டுகளில் நிலமும் கிரீச்சரும் மட்டும் இருந்திருந்தால், போல்ட் போய்ச் சேர்ந்ததும் இன்ஸ்டன்ட் என்ற புதிய வகை கூடி, காய்ஃப் 3/4 ஆகிப் பிழைத்துக்கொள்ளும். நிலமும் இன்னொரு இன்ஸ்டன்டும் இருந்திருந்தால் எண்ணிக்கை கூடாது, காய்ஃப் சாகும். இருவரின் கிரேவ்யார்டையும் பார்க்காமல் இந்தக் கேள்விக்கு விடையே கிடையாது. பட்டியலில் இந்த ஜோடிக்கு எதிரே என்ன எழுதி வைப்பது?

இதே கேள்வியை ஆட்டக்காரர் எப்போது கேட்கிறார் என்பதும் முக்கியம். போல்ட் தீர்ந்தபின் இருவருக்கும் தகராறு என்றால் நடந்ததை விசாரித்து முழுத் தீர்ப்பையும் சொல்ல வேண்டும். பிடிக்காவிட்டால் தலைமை நடுவரிடம் மேல்முறையீடு செய்யலாம் என்பதையும் கேட்காமலே சொல்ல வேண்டும். போல்ட் இன்னும் கையிலேயே இருக்கும்போது கேட்டால் நிலைமை வேறு. காய்ஃபின் அளவு கணக்கிட்டு அறியும் தகவல். கடைகளில் நடக்கும் சாதாரணப் போட்டியில் அதைத் தாராளமாகச் சொல்லலாம். கடுமையான போட்டியில் அப்படிப்பட்ட தகவலைக் கண்டுபிடிக்க ஆட்டக்காரருக்கு நடுவர் உதவக் கூடாது. அங்கே நாம் தர வேண்டியது விதி: போல்ட் எப்போது கிரேவ்யார்டுக்குப் போகிறது, சாவு எப்போது பார்க்கப்படுகிறது. எண்ணுவது அவர் வேலை. "பிழைக்கும்" என்று ஒரு சொல்லில் விடை சொன்ன நடுவர், ஒருவருக்காகத் தானே ஆடிவிட்டார். வழியைப் பிரித்துப் பார்க்கத் தெரிந்தவரால்தான் எந்தப் படிவரை பேசலாம், எங்கே நிறுத்த வேண்டும் என்று தீர்மானிக்க முடியும்.

விதி கொண்டுபோய் நிறுத்தும் இடம் நமக்குப் பிடிக்காமலும் போகலாம். 2021 தொடக்கத்தில் கால்ட்ஹைம் வந்தபோது, மானா மதிப்பு மூன்று உள்ள ஒரு கேஸ்கேட் கார்டு, மதிப்பு இரண்டு உள்ள வால்கியைக் கண்டெடுத்து, அதன் மறுபக்கத்தில் இருந்த மதிப்பு ஏழு டிபால்ட்டைச் செலவில்லாமல் இறக்கியது. இது எப்படி நியாயம் என்று எதிராளிகள் கேட்டார்கள். அன்றைய விதிப்படி அது செல்லும். நடுவர்கள் செல்லும் என்றே தீர்ப்பு சொன்னார்கள். பிப்ரவரி மாதமே ஆட்டத்தை வெளியிடும் விஸர்ட்ஸ் நிறுவனம் கேஸ்கேட் விதியைத் திருத்தியது. மனம் கசந்தாலும் விதியோடு நின்ற அந்த நடுவர்கள் நடந்துகொண்டது சரி. மேசைக்கு மேசை ஒரு நியாயம் என்றாகிவிட்டால் போட்டி என்ற ஒன்றே இருக்காது.

பட்டியலை எவ்வளவு நீட்டினாலும் முடியாது என்பதற்கு ஒரு கணிதச் சான்றும் இருக்கிறது. இந்த ஆட்டத்துக்குள்ளேயே டூரிங் இயந்திரத்தைக் கட்டிக்காட்டலாம் என்று அலெக்ஸ் சர்ச்சில், ஸ்டெல்லா பிடர்மன், ஆஸ்டின் ஹெரிக் மூவரும் 2019-இல் நிறுவினார்கள். ஆகவே எல்லா ஆட்ட நிலைகளுக்கும் முடிவு சொல்லும் பொதுச் சூத்திரம் இருக்க முடியாது. மேசையில் நமக்கு வரும் கேள்விகள் அவ்வளவு தூரம் போவதில்லை. ஆனாலும் விடைகளைச் சேர்த்து வைத்துச் சமாளிக்கலாம் என்று நினைப்பவர்கள் அந்த ஆய்வை ஒருமுறை படிக்கட்டும்.

நடுவர்களுக்குப் பயிற்சி தந்துவந்த ஜட்ஜ் அகாடமி 2023-இல் மூடப்பட்டபின் பயிற்சியும் தேர்வும் வட்டார அமைப்புகளின் பொறுப்பாகியிருக்கின்றன. அந்தப் பொறுப்பில் இருப்பவர்களிடம் நேரடியாகவே கேட்கிறேன். ஆம், இல்லை என்று குறி போடும் கேள்விகளைக் குறையுங்கள். பள்ளிக் கணக்குத் தேர்வைப் போலப் படிகளுக்கு மதிப்பெண் கொடுங்கள். வழி சரியாக இருந்து கடைசியில் சறுக்கியவருக்கு, குருட்டாம்போக்கில் சரியான விடை எழுதியவரைவிட அதிகம் கொடுங்கள். வாய்மொழித் தேர்வில் அவர்கள் பார்த்தேயிராத கார்டுகளைக் கையில் கொடுத்து, முதலில் ஆரக்கிள் வாசகத்தை, அதாவது இன்று செல்லுபடியாகும் வாசகத்தை, உரக்கப் படிக்கச் சொல்லுங்கள். கார்டில் அச்சிட்ட பழைய வாசகத்தை நம்பி வரும் பிழைகளில் பாதி அந்த இடத்திலேயே தீர்ந்துவிடும்.

அடுத்த இதழுக்கு ஒரு கேள்வி. மேசையில் முதலில் ஓர் ஓபலெசன்ஸ், அடுத்து ஹ்யூமிலிட்டி, கடைசியாக இரண்டாவது ஓபலெசன்ஸ் வருகின்றன. மூன்றின் மதிப்பும் நான்குதான். ஒவ்வொன்றின் பலமும் தாங்கும் எண்ணும் என்ன? லேயர் லேயராக எழுதி அனுப்புங்கள். எண்களை மட்டும் எழுதி அனுப்பும் கடிதங்களை, அவை சரியாகவே இருந்தாலும், வெளியிடமாட்டோம்.