கூத்தரின் அஞ்ஞாத வாசம்

சேலத்திலிருந்து இராசிபுரம் செல்லும் வழியில், அத்தனூர் அம்மன் குடிகொண்ட ஊருக்கு அருகே அமைந்திருப்பது வெண்ணந்தூர். நாமக்கல் மாவட்டம், இராசிபுரம் வட்டத்தைச் சேர்ந்த இப்பேரூரில் பொழுது புலர்வதும் சாய்வதும் தறியோசையில்தான். அம்மன் பண்டிகை வந்தால் அந்த ஓசை சற்றே ஓயும். மேளமும் பம்பையும் அதன் இடத்தைப் பெறும். பூச்சாட்டி, கம்பம் நட்டு, பொங்கலிட்டு அன்னையை வழிபட்ட பின், இவ்வட்டாரத்து ஊர்களில் பண்டிகை நிறைவுறுவது இரவுக் கூத்தில். ஆர்மோனியமும் மிருதங்கமும் முகவீணையும் சேர்ந்தொலிக்க, அரிதாரம் பூசிய கூத்தர் விடியும் வரை ஆடுவர். ஊர் விழித்திருக்க, அம்மனும் விழித்திருந்து காண்கிறாள் என்பது முன்னோர் நம்பிக்கை.

வானம் பார்த்த இந்தச் சமவெளியில் மழை பொய்த்தால் நினைவுக்கு வருவது விராட பருவம். அக்கதையை ஓதினாலும் ஆடினாலும் மழை பொழியும் என்று தமிழகக் கிராமங்கள் நெடுங்காலமாக நம்பி வருகின்றன.

கதை யாவரும் அறிந்ததே. பன்னிரண்டு ஆண்டு வனவாசம் கழித்த பாண்டவர், பதின்மூன்றாம் ஆண்டைப் பிறர் அறியாமல் கழிக்க வேண்டும். அதற்காக விராட மன்னனின் நகரை அடைகின்றனர். தருமர் மன்னனுக்கு அவைத் துணையாகிறார். பீமன் மடைப்பள்ளிக்குச் செல்கிறான். திரௌபதி அரசியின் பணிப்பெண் ஆகிறாள். அருச்சுனனோ பிருகன்னளை என்னும் பெயரில் அரசனின் நடனசாலையில் அமர்ந்து, இளவரசி உத்தரைக்கு ஆடலும் பாடலும் கற்பிக்கிறான். கௌரவர் படை ஆநிரைகளைக் கவர்ந்தபோது இளவரசன் உத்தரன் களத்தைக் கண்டு நடுங்குகிறான். தேரோட்டி வந்த நடன ஆசான் வன்னி மரத்தில் மறைத்து வைத்த காண்டீவத்தை எடுத்து நாணேற்றுகிறான்.

விராடன் நல்ல அரசன். கலைக்கென ஒரு சாலை அமைத்தான். ஆசானை அமர்த்தி உணவும் உறைவிடமும் தந்தான். ஆயினும் தன்னிடம் ஊதியம் பெறுபவர் யார் என்பதை அவன் அறியவில்லை. பாண்டவர்க்கு அந்த மறைவு வாழ்க்கை ஓராண்டில் முடிந்தது. அவர்கள் கதையை ஆடும் கூத்தருக்கோ அது ஆயுள் முழுவதும் தொடர்கிறது. பண்டிகை அழைப்பிதழைப் பார்த்தால் இது விளங்கும். பந்தல் உபயம், பூ உபயம், அன்னதான உபயம் என ஒவ்வோர் உபயதாரர் பெயரும் அதில் இருக்கும். கூத்துக்கென இருப்பது, ‘இரவு கூத்து நடைபெறும்’ என்னும் ஒரே வரி. ஆடுபவர் யார், மத்தளம் வாசிப்பவர் யார், எந்த ஊர்க்காரர் என்பதற்கு அங்கே இடமில்லை.

திருக்கோயில்களின் பழைய வழக்கம் இதுவன்று. தஞ்சைப் பெரிய கோயிலின் சுவர்கள் அதற்குச் சான்று. 1010ஆம் ஆண்டு நிறைவுற்ற அக்கோயிலுக்கு, சோழ நாட்டின் பல கோயில்களிலிருந்து 400 ஆடல் மகளிரை இராசராச சோழன் வருவித்தான். ஒவ்வொருவருக்கும் ஒரு வீடும், ஆண்டுக்கு நூறு கலம் நெல்லும் பங்காக அளிக்கப்பட்டன. நானூறு பேர் என்று தொகை மட்டும் எழுதி அரசன் நிறுத்திவிடவில்லை. இன்ன கோயிலிலிருந்து வந்த இன்ன பெயரினள், இன்ன தெருவின் இன்ன சிறகில், இத்தனையாவது வீட்டில் இருப்பவள் என ஒவ்வொருவரையும் தனித்தனியே கல்லில் வெட்டச் செய்தான். நட்டுவனார், குழலூதுவோர், பாடுவோர் முதல் தையற்காரர் வரை பங்கு பெற்றோர் பட்டியல் அங்கே நீள்கிறது. திருப்பதியம் விண்ணப்பம் செய்ய 48 பேரும், அவர்களுக்கு உடுக்கையும் மத்தளமும் வாசிக்க இருவரும் நியமிக்கப்பட்டு, ஆளுக்கு நாளொன்றுக்கு மூன்று குறுணி நெல் பெற்றனர்.

அக்கல்வெட்டு ஏற்பாட்டில் தொலைநோக்கும் உண்டு. பங்கு பெற்ற ஒருவர் இறந்தாலோ ஊரை விட்டுப் போனாலோ, நெருங்கிய உறவினர் அப்பணியைச் செய்து பங்கைப் பெறலாம். அவருக்குத் தகுதி இல்லையெனில், தகுதியுள்ள வேறொருவரை அமர்த்த வேண்டும். ஒருவரது ஆயுளோடு கலை முடிந்துவிடக் கூடாது என்னும் கவலையிலிருந்து பிறந்த விதி அது. கூத்துக்கும் அங்கே இடம் இருந்தது. இரண்டாம் இராசேந்திரன் காலத்தில், வைகாசித் திருவிழாவில் இராசராசேசுவர நாடகம் ஆடுவதற்காகத் திருவாலன் திருமுதுகுன்றன் என்னும் கூத்தனுக்கும் அவன் வழியினர்க்கும் ஆண்டுக்கு 120 கலம் நெல் வழங்க ஆணையிடப்பட்டது. மன்னனின் கருவூலம் கொடுத்தது. கோயில் மேடை தந்தது. கல்வெட்டு பெயரைக் காத்தது. இம்மூன்றும் ஒன்றாக இருந்தமையால், ஆயிரம் ஆண்டுகளுக்குப் பின்னும் அந்தக் கூத்தனின் பெயரைச் சொல்ல முடிகிறது.

முடியாட்சி மறைந்து மக்களாட்சி மலர்ந்தபின், கலைகளைப் புரக்கும் கடமை அரசின் நிறுவனங்களுக்கு வந்தது. 1953இல் தில்லியில் சங்கீத நாடக அகாதெமி தொடங்கப்பெற்றது. 1955இல் சென்னையில் மாநிலத்துக்கான சங்கீத நாடக சங்கம் தோன்றி, 1973இல் தமிழ்நாடு இயல் இசை நாடக மன்றம் என்னும் பெயரைப் பெற்றது. கலைமாமணி விருதால் மன்றத்தின் பெயரைப் பலரும் அறிவர். அதன் ஏனைய பணிகள் சிற்றூர்களில் அவ்வளவாக அறியப்படவில்லை. 58 வயது கடந்து நலிந்த நிலையில் வாழும் கலைஞருக்கு மாதம் 3,000 ரூபாய் நிதியுதவி உண்டு. இசைக்கருவியும் ஆடை அணிகலனும் வாங்க 10,000 ரூபாய் வழங்கும் திட்டம் உண்டு. கலை நிறுவனங்களுக்கு நிதியுதவியும் உண்டு.

இவற்றோடு, 2007இல் நாட்டுப்புறக் கலைஞர் நல வாரியம் அமைந்தது. அதில் உறுப்பினரானவர் குடும்பத்துக்குப் பிள்ளைகளின் கல்வி, திருமணம், விபத்து, ஈமச்சடங்கு முதலியவற்றுக்கு உதவி கிடைக்கும். மாவட்டந்தோறும் கலை மன்றம் இருக்கிறது. அது வயதுக்கேற்பக் கலை இளமணி, கலை வளர்மணி, கலைச் சுடர்மணி, கலை நன்மணி, கலை முதுமணி என விருதளித்துச் சிறப்பிக்கிறது. வெண்ணந்தூர்ப் பகுதியினர் அணுகுதற்கு எளிதாக, மண்டலக் கலை பண்பாட்டு மையமும் அரசு இசைப்பள்ளியும் சேலத்தில் இயங்குகின்றன. தேவாரம், நாதசுரம், தவில் ஆகியவற்றை அப்பள்ளியில் மூன்றாண்டு கற்கலாம். கோயிலுக்கு வேண்டிய கலைகள் அங்கே பயிற்றப்படுவது இறையன்பர்களுக்கு மகிழ்ச்சி தரும் செய்தி.

உதவிகள் உள்ளன. அவற்றைப் பெறும் வாயில்தான் சிலருக்குக் குறுகியது. பகலில் தறியிலோ கழனியிலோ உழைத்து, பண்டிகைக் காலத்தில் இரவெல்லாம் ஆடிய ஒரு முதிய கூத்தரை எண்ணிப் பார்க்கலாம். நாற்பது ஆண்டு கர்ணனாக நின்றவர்; நூறு ஊர்த் திடல்களைக் கண்டவர். முழங்கால் தளர்ந்தபின் உதவித்தொகைக்கு விண்ணப்பிக்க விரும்புகிறார். வயதுக்குச் சான்று இருக்கிறது. இருப்பிடத்துக்குச் சான்று இருக்கிறது. கலைஞர் என்பதற்குச் சான்று கேட்டால் எதைக் காட்டுவார்? ஆடிய ஊர்கள் எல்லாம் அவரை அறியும். ஆனால் எந்த ஊரும் எழுதித் தரவில்லை. கவச குண்டலங்களைக் கழற்றிக் கொடுத்த கர்ணனை இரவெல்லாம் காட்டியவர், பகலில் வெறுங்கையோடு நிற்கிறார்.

2020இல் நோய்ப்பரவலால் திருவிழாக்கள் நின்றபோது இந்தக் குறை வெளிப்பட்டது. பங்குனியும் சித்திரையும் கூத்தரின் அறுவடைக் காலம். அந்த ஆண்டு அது வெறுமையாகக் கழிந்தது. நல வாரியங்களில் பதிவு பெற்றிருந்தோர்க்கு அரசு நிவாரணத் தொகை வழங்கியது. பெயர் ஏட்டில் இருந்தவர்க்கு அது எளிதிற் சென்றடைந்தது. பெயர் இல்லாதவர், தாம் கலைஞர் என்பதையே முதலில் நிறுவ வேண்டியிருந்தது.

நிறுவனங்களுக்கான நிதியிலும் இதே நிலைதான். சபாக்களுக்குச் செயலர் உண்டு, கணக்கர் உண்டு, பதிவெண் உண்டு. கூத்து ஜமாவோ வாத்தியாரின் வாய்ச்சொல்லில் இயங்குவது. எழுபதாண்டு பழமை அதற்கு இருக்கலாம். ஏட்டில் அது பிறக்கவே இல்லை. தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975இன்படி ஏழு பேர் சேர்ந்தால் ஒரு சங்கத்தைப் பதிவு செய்யலாம். ஒரு ஜமாவில் அதற்கு மேலும் ஆட்கள் உண்டு. குறைவது, விதிமுறைகளை எழுதவும் ஆண்டுக் கணக்கை முடிக்கவும் எழுத்தறிந்த ஒருவரின் துணையே.

இங்கேதான் கோயிலை நாடும் குடும்பங்களின் பங்கு வருகிறது. ஊர்ப் பண்டிகைக்கு வீடுதோறும் தலைக்கட்டு வரி கொடுக்கிறார்கள். அந்த வரியிலிருந்தே கூத்துக்கு வெற்றிலை பாக்கு வைத்து முன்பணம் தரப்படுகிறது. அரசு வழங்கும் நிதியும் மக்கள் செலுத்தும் வரியே. ஆக, இருவழிக் கொடையும் ஒரே குடும்பத்தின் கையிலிருந்து புறப்படுகின்றன. அரசின் கொடை, கலைஞர் தளர்ந்தபோது தாங்கும். ஆனால் அவர் ஆடுவதற்கு ஓர் இரவை அளிக்க ஊரால்தான் இயலும். உதவித்தொகை பெறும் கூத்தர் ஊருக்கு ஒருவர் இருந்து, கூத்து நடக்கும் பண்டிகை ஒன்றும் இல்லையென்றால், அங்கே காக்கப்படுவது கலைஞரின் உடல் மட்டுமே. கூத்தை நிறுத்திவிட்டு இன்னிசைக் கச்சேரிக்குப் பெருந்தொகை கொடுக்கும் ஊர்கள் இதைச் சிந்திக்க வேண்டும். பாவும் ஊடையும் கூடினால்தான் துணி என்பதை வெண்ணந்தூருக்கு எவரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

விழாக் குழுவினர் செய்யக்கூடியவை எளியவை. அழைப்பிதழில் உபயதாரர் பெயர்களோடு, கூத்தாடுவோர், இசைப்போர் பெயர்களையும் ஊரோடு அச்சிடலாம். தொகை கொடுக்கும்போது, இன்ன நாளில் இன்ன கோயிலில் இன்ன கூத்து ஆடினார் என்று கோயில் முத்திரையுடன் ஒரு கடிதம் தரலாம். ஊரில் உள்ள ஆசிரியரோ, ஓய்வு பெற்ற அலுவலரோ, கல்லூரி மாணவரோ ஒரு ஞாயிற்றுக்கிழமை அமர்ந்து, கலைஞரின் வாரிய விண்ணப்பத்தை நிரப்பித் தரலாம். இவற்றுக்குப் பெரும் பொருட்செலவு இல்லை. ஆனால் அந்த அழைப்பிதழும் கடிதமும் இருபது ஆண்டுகளுக்குப் பின் ஒரு முதியவருக்கு மாதந்தோறும் அடுப்பெரியக் காரணமாகலாம். பூ உபயம் போல, விளக்கு உபயம் போல, இதுவும் அம்மன் சந்நிதியில் செய்யும் ஓர் உபயமே.

விராட பருவக் கூத்து முடியும்போது கிழக்கு வெளுத்திருக்கும். ஆநிரைகள் மீண்டன. நடன ஆசான் யார் என்பதை விராடன் அறிந்துகொண்டான். இத்தனை நாள் தன் மாளிகையில் இருந்தவர்களை அறியாமல் போனோமே என்று வருந்தி, அவர்களுக்கு உரிய ஆசனம் அளித்தான். தன் மகளையே அபிமன்யுவுக்கு மணம் செய்து கொடுத்தான். அதைக் கண்டு மனம் நெகிழ்ந்த ஊர் எழுந்து வீட்டுக்குப் புறப்படும் நேரத்தில், திடலின் ஓரத்தில் ஒருவர் தேங்காய் எண்ணெய் தொட்டு முகத்து அரிதாரத்தைத் துடைத்துக்கொண்டிருப்பார். அவரருகே சென்று, “ஐயா, தங்கள் பெயர் என்ன?” என்று கேட்டு எழுதிக்கொள்ளும் ஊரில், கூத்தரின் அஞ்ஞாத வாசம் அன்றோடு முடியும். அத்தகைய ஊரில் மாரி பொய்க்காதிருக்க அன்னை மாரியம்மை அருள்வாளாக.