பெற்றவர் பேச ஒரு திரை போதும்

அமெரிக்காவில், பிள்ளை மீது பெற்றோருக்குள்ள சட்ட உரிமையை நீதிமன்றம் ஒரேயடியாக ரத்து செய்ய முடியும். அப்படிச் செய்துவிட்டால், பெற்றவர் சட்டத்தின் கண்ணில் அந்நியர். இவ்வளவு கடுமையான வழக்கில், சிறையில் இருக்கும் தாயோ நாடு கடத்தப்பட்ட தந்தையோ காணொலியில் சாட்சி சொல்லலாமா என்பதைப் பல இடங்களில் நீதிபதியே முடிவு செய்கிறார். காணொலியில் சாட்சி சொல்வது பெற்றவரின் உரிமையாக வேண்டும்.

1997ஆம் ஆண்டுக் கூட்டாட்சிச் சட்டப்படி, கடைசி 22 மாதங்களில் 15 மாதம் பிள்ளை அரசுப் பராமரிப்பில் இருந்தால், சில விலக்குகள் நீங்கலாக, உரிமை ரத்து கோரி மாநில அரசு மனு போட்டாக வேண்டும். இரண்டு ஆண்டு தண்டனை பெற்றவர் வெளியே வருமுன் கெடு முடிந்துவிடலாம்.

மிசிசிப்பியில் பிள்ளைகள் மீதான உரிமை ரத்தான ஒரு தாயால் மேல்முறையீட்டு ஆவணங்களுக்கான 2,352 டாலரைக் கட்ட முடியவில்லை. பணமில்லை என்பதற்காக அவரது மேல்முறையீட்டைத் தடுக்கக்கூடாது என்று 1996இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொன்னது. பணம் தடையாகக்கூடாது என்றால் தூரம் மட்டும் ஆகலாமா?

நேரில் முகம் பார்த்தால்தான் உண்மை தெரியும் என்கிறார்கள் இதை எதிர்ப்பவர்கள். கொரோனா காலத்தில் இதே நீதிமன்றங்களில் பல முழு விசாரணையையும் திரையில் நடத்தினவே! ஆனால், பெற்றவர் எதிர்த்தரப்பின் சாட்சியங்களைக் கேட்காமல், தன் முறைக்கு மட்டும் தொலைபேசியில் பேசிவிட்டுப் போவதும் நியாயமான விசாரணை ஆகாது. வழக்கறிஞரோடு தனியே பேசத் தனி இணைப்பு வேண்டும். இணைப்பு அறுந்தால் விசாரணை நிற்க வேண்டும். நேரில் வரக் கேட்பவரைத் திரையைக் காட்டித் தட்டிக்கழிக்கவும் கூடாது.