வாய் விட்டுக் கேட்டால் என்ன?

போன மாதம் நாத்தனார் மகள் வளைகாப்புக்குப் போய்விட்டு ராத்திரி பஸ்ஸில் திரும்பிக் கொண்டிருந்தோம். பத்து மணிக்கு ஒரு ஓட்டலில் நிறுத்தினார்கள். இட்லிக்கு வைத்த தேங்காய்ச் சட்னி வாடையே சரியில்லை; ஓரத்தில் நுரை வேறு. "தம்பி, இது எப்ப அரைச்சது?" என்று கேட்டேன். "இப்பதான்க்கா" என்றார் சர்வர். என் வீட்டுக்காரர், "ஓட்டல்ல வந்து மோந்து பார்த்துக்கிட்டு... மானத்தை வாங்காத, பேசாம சாப்பிடு" என்று அதட்டினார். நான் சட்னியை ஒதுக்கிவிட்டேன். ஆனால் ஐந்தாம் வகுப்பு படிக்கும் என் பையன் இரண்டு தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டதைத் தடுக்கவில்லை. நாலு பேர் பார்க்கிறார்களே என்ற கூச்சம்தான்.

விடியற்காலை மூன்று மணிக்கு வாந்தி ஆரம்பித்தது. ஆஸ்பத்திரியில் இரண்டு பாட்டில் குளுக்கோஸ் ஏறின பிறகுதான் பிள்ளை கண் திறந்து பார்த்தான்.

வீட்டில் காலையில் அரைத்த சட்னி மத்தியானம் லேசாகப் புளித்தாலும் கொட்டிவிடுகிற நாம், காசு கொடுத்துச் சாப்பிடுகிற இடத்தில் ஏன் வாயை மூடிக்கொள்கிறோம்? சமைத்ததை 2 மணி நேரத்துக்கு மேல் வெளியே வைக்கக் கூடாது, பரிமாறும்வரை 60 டிகிரிக்கு மேல் சூடாக இருக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். சாம்பாராவது அடுப்பிலேயே கொதிக்கிறது. சட்னி? வாளியில் பாதி தீர்ந்ததும் பழசின் மேலேயே புதுசை ஊற்றுகிற இடங்களும் உண்டே!

2023 செப்டம்பரில் நாமக்கல்லில் ஓட்டல் ஷவர்மா சாப்பிட்ட 14 வயதுப் பெண் இறந்து போனாள். பச்சை முட்டையில் செய்யும் மயோனைசுக்கு 2025 ஏப்ரலில் நம் அரசு ஒரு வருடத் தடை போட்டது. தேங்காய்ச் சட்னிக்கு யார் தடை போட முடியும்? அதற்கு நம் மூக்குதான் அதிகாரி.

ஓட்டலில் உணவுப் பாதுகாப்பு உரிமத்தை எல்லோர் கண்ணிலும் படும்படி மாட்டியிருக்க வேண்டும். அதில் 14 இலக்க எண் இருக்கும். பில்லிலும் அது இருக்க வேண்டும். சாப்பாடு கெட்டிருந்தால் மாவட்ட உணவுப் பாதுகாப்பு அலுவலரிடம் புகார் கொடுக்கலாம். இதெல்லாம் ஆஸ்பத்திரியில் பக்கத்துக் கட்டில் அம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும். நாங்களோ பஸ் கிளம்புகிற அவசரத்தில் பில்லே வாங்கவில்லை. ஓட்டல் பெயரும் ஞாபகமில்லை. எதை வைத்துப் புகார் கொடுப்பது?

போன வாரம் கடைத்தெருவுக்குப் போனபோது டிபன் சாப்பிட உட்கார்ந்தோம். சட்னி வந்ததும் என் வீட்டுக்காரரே கிண்ணத்தைத் தூக்கி மூக்குக்கிட்டே கொண்டு போனார். நான் ஒன்றும் சொல்லவில்லை. பையன்தான், "அப்பா, மானம் போகுதுப்பா!" என்றான்.

- ஒரு வாசகி, திண்டுக்கல்.